குருத்து நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது; கடன் வாங்கி ஊசி எதற்கு?

சென்ற மாதம் ஒரு நாள், காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, செர்டாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். முப்பது வருஷம் கித்தாத் தோட்டத்திலும் செம்பனையிலும் வேலை பார்த்தவர். அதில் பாதி நாள் மருந்தடித்தவர். சுருட்டும் சிகரெட்டும் இப்போதுதான் குறைத்திருக்கிறார். டிஸ்பென்சரியின் மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த வண்ணத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"டிரசர் ஐயா, இந்த ஊசியைப் போட்டா நுரையீரல் புதுசா மொளைக்குமாமே, நெசமா?"

வாங்கிப் பார்த்தேன். பட்டணத்துத் தனியார் இடம் ஒன்றின் விளம்பரம். 'ஸ்டெம் செல்' ஊசி. மூன்று தவணை. மொத்தம் 18,000 வெள்ளி. மகன் சொன்னான்: "அம்மா நகை கொஞ்சம் இருக்கு. பாக்கிக்குக் கடன் கேட்டிருக்கேன்."

"வேண்டாம், காசைக் கரியாக்காதீங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு எனக்கே மனசு சரியில்லை. மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதுமா? ஏன் வேண்டாம், பின்னே எது வேண்டும் என்று சொல்ல வேண்டாமா? அந்தப் பெரியவரைப் போல எத்தனை பேர் நம் லயங்களில் இருக்கிறார்கள்! ஆகவே இந்த இதழில் அதையே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். எழுத்து தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சுக்குள் ஒரு பூப்பந்து மைதானம்

மூக்கு வழியாகப் போகும் காற்று தொண்டை, மூச்சுக்குழாய் எனப் போய், மரத்தின் கிளைகள் போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் மிகச் சின்னஞ்சிறு காற்றுப் பைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து ஏறக்குறைய 30 கோடிப் பைகள். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். ஒற்றையர் ஆட்டம் ஆடும் பூப்பந்து மைதானத்தின் அளவு அது. அவ்வளவு பெரிய பரப்பை இறைவன் இரண்டு கை அகல நெஞ்சுக்குள் மடித்து வைத்திருக்கிறான்.

அந்தப் பைகளின் சுவரில் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. முதல் வகை, தாள் போல மெல்லியது. சுவரின் பெரும்பகுதியை மூடியிருப்பது இதுவே. காற்றில் உள்ள பிராணவாயு இதன் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. இரண்டாம் வகை, உருண்டையானது, மூலையில் ஒதுங்கி இருப்பது. இது ஒருவித வழவழப்பான திரவத்தைச் சுரக்கிறது. அந்தத் திரவம் இல்லாவிட்டால் காற்றுப் பைகள் ஈரக் காகிதம் போல ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாம் வகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல் வகை அடிபட்டுச் செத்தால், இது தானே இரண்டாகப் பிரிந்து பெருகி, புதிய முதல் வகையாக மாறி ஓட்டையை அடைக்கிறது.

இப்படித் தானும் பெருகி, வேறு உயிரணுவாகவும் மாறக்கூடியதைத்தான் 'ஸ்டெம் செல்' என்கிறார்கள். தமிழில் 'குருத்தணு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். செம்பனையில் வேலை பார்ப்பவனுக்குக் குருத்து என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டை எத்தனை விழுந்தாலும் மரம் பிழைக்கும். வண்டு குருத்துக்குள் புகுந்து அதைத் தின்று தீர்த்துவிட்டால் மரமே போயிற்று.

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் சொல்லலாம். தினமும் பட்டையைச் சீவுகிறோம். ஆனாலும் சில வருஷத்தில் அந்த இடத்தில் புதுப்பட்டை வந்துவிடுகிறதே, எப்படி? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக, மெல்லியதாக ஒரு படலம் இருக்கிறது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி அதுவரை போகாமல் இருந்தால் மரம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆழமாக வெட்டிக் காயம் பண்ணிவிட்டால்? அந்த இடத்தில் பட்டை வரும். ஆனால் முண்டும் முடிச்சுமாக வரும். மறுபடி அதில் கத்தி ஓடாது, பாலும் சரியாக இறங்காது. அதனால்தானே மண்டோர் மரத்துக்கு மரம் காயம் பார்த்துக்கொண்டு வருகிறார்!

நுரையீரலும் அப்படித்தான். மேலே படும் சிறு காயம் ஆறும். குருத்தணுவுக்கே காயம் பட்டால் ஆறுவது முண்டும் முடிச்சுமாகத்தான்.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது என்ன?

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. காற்றுப் பையின் இரண்டாம் வகை உயிரணுவே முதல் வகையைப் பெற்றெடுக்கிறது என்ற கருத்து 1970-களிலேயே விலங்குச் சோதனைகளில் எழுந்தது. 2013-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் எலிகளில் அதைத் திட்டவட்டமாகக் காட்டினார்கள். மூச்சுக்குழாய்களின் அடிப்பாகத்தில் வேறொரு வகைக் குருத்தணு இருக்கிறது. குழாயின் உள்சுவரைப் புதுப்பிப்பது அதன் வேலை.

பக்கத்துச் சிங்கப்பூரிலும் முக்கியமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்குள்ள மரபணு ஆய்வுக் கழகத்தில் 2011-ல் வெளியான ஆய்வு அது. எச்1 என்1 சளிக்காய்ச்சல் கிருமியால் எலிகளின் நுரையீரல் நாசமான பிறகு, சிறு மூச்சுக்குழாய்களில் இருந்த ஒருவகைக் குருத்தணு வேகமாகப் பெருகிச் சேதமான இடத்துக்கு நகர்ந்ததை அவர்கள் கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள், அப்படி வந்து அடைத்த இடங்களில் பல, உண்மையான காற்றுப் பையாக மாறாமல் வெறும் ஒட்டாகவே நின்றுவிடுகின்றன என்று காட்டின. கிழிந்த சட்டைக்குக் கோணி ஒட்டுப் போட்டது போல. ஓட்டை அடைபட்டது; ஆனால் அந்த இடத்தில் மூச்சு நடக்கவில்லை.

2022-ல் இன்னொரு விஷயம் தெரிந்தது. மனித நுரையீரலின் மிக நுனிக் குழாய்களில் எலிக்கு இல்லாத ஒரு தனி வகை உயிரணு இருக்கிறது. அதுவும் காற்றுப் பையின் உயிரணுவாக மாறக்கூடியது. எலியின் நுரையீரலில் அப்படிப்பட்ட நுனிக் குழாயே கிடையாது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எலியில் பலித்தது மனுஷனில் பலிக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பிவிடாதீர்கள்.

குருத்தே கோணலானால்

நம்மவர்கள் 'இளைப்பு' என்று சொல்வதில் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அதில் ஒன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வருஷக்கணக்கில் புகை உள்ளே போவதால் வருவது. சளி ஓயாது. மூச்சு வெளியே போக மறுக்கும். படி ஏற முடியாது. காற்றுப் பைகளின் சுவர் கிழிந்து பல பைகள் ஒன்றாகிவிடும்.

புகை நுழையும்போது சளி வருவது சரி. புகையை விட்ட பிறகும் ஏன் சளி நிற்பதில்லை? இது வெகு காலமாக டாக்டர்களுக்குப் புதிராக இருந்தது. 2020-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். இந்த நோய் உள்ளவர்களின் நுரையீரலிலிருந்து குருத்தணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். நான்கு வகை வந்தது. ஒன்றுதான் ஒழுங்கானது. மற்ற மூன்றும் கோணல் பிள்ளைகள். ஒன்று சளி சுரப்பதையே வேலையாக வைத்திருந்தது. மற்றவை நுரையீரலுக்குப் பொருந்தாத தோல் போன்ற உயிரணுவை உண்டாக்கி, அழற்சியையும் தழும்பையும் தூண்டின. நல்ல நுரையீரலிலும் இந்தக் கோணல் வகை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. நோயாளியின் நுரையீரலில் அவையே பெரும்பான்மையாகிவிடுகின்றன. காட்டில் லாலான் புல் தலையெடுத்து நல்ல செடியை அமுக்குவது போல.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். அதே 2020 ஜனவரியில் இன்னொரு ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் சாங்கர் கழகமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து செய்தது. 16 பேரின் மூச்சுக்குழாயிலிருந்து உயிரணுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, மொத்தம் 632 கூட்டங்களின் மரபுப் பொருளைப் படித்தார்கள். புகைப்பவர்களின் உயிரணு சிலவற்றில் 10,000 வரைக்கும் கூடுதல் மரபுச் சேதங்கள் இருந்தன. ஆனால் புகைப்பதை விட்டவர்களிடம் ஓர் அதிசயம். அவர்களுடைய உயிரணுக்களில் 40 விழுக்காடு வரை, வாழ்நாளில் சிகரெட்டையே தொடாதவனுடையதைப் போல இருந்தன! இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருந்ததைவிட இது நான்கு மடங்கு.

எங்கோ மறைவாகத் தப்பிப் பிழைத்த சில நல்ல உயிரணுக்கள், புகை நின்றதும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். 'இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப் போவுது?' என்று கேட்கும் அண்ணன்மார்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது மூச்சுக்குழாயின் கதை. கிழிந்துபோன காற்றுப் பைகள் புகையை விட்டதால் மறுபடி முளைப்பதில்லை. ஆனால் மேலும் கிழிவது குறையும். அதுவே பெரிய லாபம்.

விஷத்துக்கு 'மருந்து' என்று பேர் வைத்த கதை

இப்போது நம்முடைய விஷயத்துக்கு வருகிறேன். புகையைப் பற்றி எந்த டாக்டரும் எழுதுவார். மருந்தடிப்பதைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

புல்லுக்கு அடிக்கும் விஷத்தை நாம் 'மருந்து' என்கிறோம். என் தாயாரும் மருந்தடித்தவர்தான். கையுறை கிடையாது, பழைய சீலைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போவார். சில நாள் மூக்கிலிருந்து இரத்தம் வரும். நகம் வெளுத்துக் கழன்றதும் உண்டு. 'சூடு' என்று சொல்லி இளநீர் குடிப்பார். அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். 1962-லிருந்து கிரமோக்ஸோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, மலேசியத் தோட்டங்களில் மூலை முடுக்கெல்லாம் அடிக்கப்பட்டது.

பாராகுவாட் உடம்புக்குள் போனால் நுரையீரலைத் தேடிப் போய்ச் சேர்கிறது. எப்படி? காற்றுப் பையின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய சில பொருள்களை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கின்றன. பாராகுவாட்டின் உருவம் அந்தப் பொருளைப் போலவே இருப்பதால், வாசல் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுரையீரலில் சேர்ந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பிராணவாயுவையே விஷமாக மாற்றுகிறது. அதனால்தான் பாராகுவாட் விழுங்கியவருக்கு ஆரம்பத்தில் பிராணவாயு கொடுக்க டாக்டர்கள் தயங்குகிறார்கள். கொடுத்தால் எரியும் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றின மாதிரி.

அந்த வாசலை வைத்திருக்கும் உயிரணுக்களில் முக்கியமானது எது தெரியுமா? மேலே சொன்னேனே, அந்த இரண்டாம் வகை. காற்றுப் பையின் குருத்தணு! விஷம் நேராகக் குருத்துக்கே போகிறது. குருத்து போனால் பழுது பார்க்க ஆள் இல்லை. சுவர் தழும்பாகி இறுகிவிடும். அதனால்தான் ஒரு வாய் விழுங்கியவர்கள்கூட, முதல் சில நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மூச்சு அடைத்து மாண்டார்கள். மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

மருந்தடித்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. தெளிக்கும்போது வரும் துளிகள் பெரியவை. பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அதனால்தான் மூக்கில் இரத்தம் வந்தது. ஆனால் புண்ணுள்ள தோல் வழியாக, நனைந்த துணி வழியாக அது உடம்புக்குள் இறங்க முடியும். அப்படி இறந்தவர்களும் உலகில் உண்டு. குருத்தைத் தேடிப் போகும் ஒரு விஷத்தைக் கையுறைகூட இல்லாமல் அடிக்க விட்டது சரியா என்பதுதான் என் கேள்வி.

சுவீடன் நாடு 1983-லேயே இதைத் தடை செய்தது. நம் நாட்டில் 2002-ல் தடை அறிவிக்கப்பட்டது. தெனாகனித்தா அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டத்துப் பெண்களின் பாடுகளைத் திரட்டி வெளியிட்ட காலம் அது. ஆனால் 2006-ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. தடை என்று முதலில் சொன்னதற்கும் அது நிலைத்ததற்கும் இடையே 17 வருஷத்துக்கு மேல். அந்தப் பதினேழு வருஷமும் பம்பைச் சுமந்தது யார் முதுகு?

இப்போது வேறு பெயரில் வேறு மருந்துகள் வருகின்றன. பாராகுவாட்டைவிடக் கேடு குறைந்தவையாக இருக்கலாம். ஆனாலும் விஷம் விஷம்தான். போத்தலில் எழுதியிருப்பதைப் படிக்காமல், காற்று வீசும் திசை பாராமல், முகமூடி இல்லாமல் அடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, அந்த ஊசி?

பெரியவர் காட்டிய விளம்பரத்தில், கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுத்த குருத்தணு என்று போட்டிருந்தது. கொழுப்பின் குருத்தணு கொழுப்பு, எலும்பு போன்றவற்றை உண்டாக்கப் பிறந்தது. நரம்பில் ஏற்றினால் அது நுரையீரலின் நுண் இரத்தக் குழாய்களில் சில நாள் சிக்கி நின்று, பிறகு மறைந்துவிடுகிறது. காற்றுப் பையாக மாறுவதில்லை. தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து பால்மரத்துக் காயத்தில் சொருகினால் பட்டை வருமா?

செய்து பார்க்காமல் சொல்லவில்லை. அமெரிக்காவில் அடைப்பு நோயாளிகள் 62 பேருக்கு, பாதிப்பேருக்கு எலும்பு மஜ்ஜைக் குருத்தணுவும் மற்றவர்களுக்கு வெறும் திரவமும் ஏற்றிச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. ஊசியால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மூச்சின் அளவிலும் வாழ்க்கை வசதியிலும் இரு சாராருக்கும் வித்தியாசமும் இல்லை.

'பெரிய ஆஸ்பத்திரி சொல்லுதே, பொய்யா இருக்குமா?' என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்டைச் சேர்ந்த பெரிய மருத்துவமனை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று, மனித நுரையீரலையே முழுமையாக உண்டாக்கக்கூடிய ஒரு குருத்தணுவைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. உலகிலேயே மதிப்பு மிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளியானது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு விசாரணை நடந்தது. 2017-ல் அந்த மருத்துவமனைத் தரப்பு அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில், அந்தக் கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகள் வாபஸ் பெறப்பட வேண்டும் என்று ஹார்வர்டே சொன்னது. நுரையீரல் கட்டுரையையும் அந்த இதழ் வாபஸ் வாங்கிக்கொண்டது.

படித்தவர்களே தடுக்கி விழுந்த இடம் இது. அதைத் திருத்தியவர்களும் படித்தவர்களே என்பதையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானம் தன் தப்பைத் தானே எழுதித் திருத்துகிறது. விளம்பரத் தாள் திருத்துவதில்லை. புதுப் படத்தோடு மறுபடி அச்சாகிறது.

நுரையீரல் நோய்க்கென்று எந்தக் குருத்தணு ஊசியையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியும், சில இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம் என்கிறது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே யாராவது ஊசிக்கு அழைத்தால் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்:

1. இது அங்கீகரித்த சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

2. எந்த நோய்க்கு? என் மூச்சை ஊதிப் பார்த்து அளந்தீர்களா?

3. பலிக்காவிட்டால், அல்லது கெடுதல் ஆனால், யார் பொறுப்பு? எழுத்தில் கொடுப்பீர்களா?

மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஊசி வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. நம் வீட்டில் செய்ய வேண்டியது உண்டு. சங்கத்தின் மூலம் கேட்க வேண்டியதும் உண்டு.

முதலில் வீட்டில். சிகரெட், சுருட்டு, பீடி மூன்றையும் நிறுத்துங்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் அதற்கென்றே உதவி தருகிறார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். லயத்துப் பின்னால் குப்பை, பிளாஸ்டிக் கொளுத்துவதை விடுங்கள். கொசுவர்த்தியை ஏற்றிவிட்டு ஜன்னலை அடைத்துப் படுக்காதீர்கள். விறகடுப்பு இன்னும் உள்ள வீடுகளில் புகை வெளியே போக வழி வையுங்கள். 1997, 2015, 2019 வருஷங்களைப் போலப் புகைமூட்டம் வந்தால், இளைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை கட்டாயம். அது காச நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். மூச்சு வாங்கினால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்மாவா, அடைப்பு நோயா, தழும்பு நோயா, இருதயக் கோளாறா என்று பிரித்தறியாமல் மருந்து சாப்பிடுவது, எந்த நிரை என்று தெரியாமல் மரம் வெட்டப் போவது போல. உறிஞ்சும் மருந்து கொடுத்தால், அதை எப்படி உறிஞ்சுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் வாயில் அடித்து விழுங்கிவிடுகிறார்கள். மருந்து வயிற்றுக்குப் போய் என்ன பயன்?

அடுத்து, சட்டம். 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன் கீழ் 2000-ல் வந்த இரசாயன விதிமுறைகளும் முதலாளிக்குச் சில கடமைகளை வைத்திருக்கின்றன. இரசாயனத்தால் தொழிலாளிக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட வேண்டும். கேட்டைக் குறைக்க வேண்டும். தொழிலாளிக்கு விவரம் சொல்லிப் பயிற்சி தர வேண்டும். தேவையானவர்களுக்கு உடல்நலக் கண்காணிப்பு நடத்த வேண்டும். 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று தக்க காரணத்தோடு சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. வேலையால் வந்த நோய்க்குச் சொக்சோ உண்டு. ஆனால் எப்போது, எந்த மருந்து அடித்தோம் என்ற விவரம் நம்மிடம் இருந்தால்தானே கேட்க முடியும்?

ஆகவே சங்கக் கிளைகள் இந்த நான்கையும் முன்வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஒன்று: மருந்தடிப்பவர் ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒரு முறை மூச்சுப் பரிசோதனை, முடிவை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டு: முன்பு பாராகுவாட் அடித்து இப்போது ஓய்வில் இருப்பவர்களுக்கும் அந்தப் பரிசோதனை.

மூன்று: எந்தக் காட்டில், எந்தத் தேதியில், எந்த மருந்து, யார் அடித்தது என்ற பதிவு. மருந்தடிக்கும் தோழர்களும் ஒரு பத்துக் காசு நோட்டிலாவது தாங்களே எழுதி வைக்கட்டும்.

நான்கு: கையுறை, முகமூடி, காலணி, குளிக்க இடம், சோப்பு. இவை கருணை அல்ல, கடமை. வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம் பக்கத்தில் நின்று மருந்தடிக்கும் தொழிலாளிக்கும் இவை வேண்டும். அவனுக்கும் நெஞ்சில் இருப்பது அதே குருத்துதான்.

'டிரசர் சம்பளம் வாங்கும் இடத்திலேயே குறை சொல்கிறான்' என்று யாராவது நினைக்கலாம். நோய் வந்த பின் மாத்திரை எண்ணிக் கொடுப்பது மட்டும் என் வேலை என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மரத்துக்குக் காயம் பட்டால் மறுநாளே கணக்கு எழுதுகிறோம். மனுஷன் நெஞ்சுக்குக் காயம் பட்டால் எழுதக் கணக்குப் புத்தகம் இல்லையே என்பதுதான் என் குறை.

பெரியவர் என்ன ஆனார்?

ஒரு வரியில் அனுப்பிவிட்டேன் என்றேனே, மறு வாரம் அவர் வீட்டுக்கே போனேன். இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்போ மொளைக்காதுன்னு சொல்றீங்க" என்றார். "போனது முளைக்காது பெரியவரே. இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றேன்.

மகன் அவரை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். பதிவுக்கு ஒரு வெள்ளி. பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊதிப் பார்த்தார்கள். அடைப்பு நோய்தான். உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். சரியாக உறிஞ்ச நான் சொல்லிக் கொடுத்தேன். சிகரெட்டை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. இருமல் இன்னும் இருக்கிறது. பழைய பலம் வரவில்லை. வரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வந்தார். வழியில் ஒரே ஒரு முறைதான் நின்றாராம். அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கிறது.

தோழர்களே! ஒரு காலத்தில் குருத்தணுவை வைத்து நுரையீரலைச் சீராக்கும் நல்ல வைத்தியம் வரலாம். உலகமெங்கும் கெட்டிக்காரர்கள் அதற்காக உழைக்கிறார்கள். வந்தால் இதே பக்கத்தில் முதல் ஆளாக நானே எழுதுவேன். அதுவரை, உங்கள் நெஞ்சுக்குள் இறைவன் இலவசமாக வைத்திருக்கும் குருத்தைப் புகைக்கும் விஷத்துக்கும் கொடுத்துவிட்டு, இன்னொருவனிடம் கடனுக்கு வாங்கப் போகாதீர்கள்.

மூச்சு வாங்குகிறவர் யாராக இருந்தாலும், தாளைக் கையில் எடுப்பதற்கு முன் டிஸ்பென்சரிப் படியேறி வாருங்கள். இந்த முறை ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப மாட்டேன்.